சொந்தப் பெயரில் தேயிலைப் பக்கெட்: அட்வான்ஸ் கொடுக்குமுன் பார்க்க வேண்டிய கணக்கு

எனது ராத்தாவின் மகன் அண்மையில் ஹட்டனிலுள்ள எங்கள் கடைக்கு வந்தான். கையில் கலரில் அச்சடித்த ஒரு பக்கெட்டின் படம். "மாமா, சொந்தப் பெயர்ல தேயிலை போடப் போறன். டிசைன் ரெடி. பத்தாயிரம் பைக்கு அட்வான்ஸ் குடுக்கணும்" என்றான். எந்தத் தேயிலை என்று கேட்டேன். "நல்ல தேயிலை" என்றான்.

மலையகத்தில் கடை வைத்திருக்கும் எம்மவர் பலருக்கு இந்த ஆசை ஒரு தடவையாவது வந்திருக்கும். சுற்றிவரத் தேயிலை, ஆனால் கடை ராக்கையில் இருப்பதெல்லாம் கொழும்புக் கம்பனிகளின் பக்கெட். எனக்கும் வந்தது. அதில் நான் விட்ட காசைப் பற்றி வீட்டில் இன்றும் பேச்சு உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பழைய கதை ஒன்று. ஜேம்ஸ் டெயிலர் 1867இல் ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை நட்டது 19 ஏக்கரில் மட்டுமே. அப்போது நாட்டின் பிரதான பயிர் கோப்பி. அதை அழித்த இலைநோய் தென்பட்டதே 1869இல்தான். தொழிற்சாலை ஒன்றும் அவரிடம் இருக்கவில்லை. பங்களா விறாந்தையில் மேசை போட்டு, கொழுந்தைக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் கரி நெருப்பு மூட்டி, கம்பித் தட்டில் காய வைத்தார். உள்ளூரில்தான் விற்றார். உருட்டும் இயந்திரத்தோடு முறையான தொழிற்சாலை வந்தது 1872இல். அடுத்த வருடம் லண்டனுக்குப் போன பொதி வெறும் 23 இறாத்தல். தேயிலை வருமா, குடிப்பார்களா, காசு கொடுப்பார்களா என்ற மூன்று கேள்விக்கும் விறாந்தையிலேயே விடை பார்த்துவிட்டுத்தான் அவர் இயந்திரத்துக்குப் போனார். நாம் செய்வது நேர்மாறு. பெயரும் படமும் முதலில், தேயிலை கடைசியில்.

"நல்ல தேயிலை" என்று ஒன்று கிடையாது. நுவரெலியாத் தேயிலைக்கு மென்மையான வாசனை, வெளிறிய நிறம். அதற்கென்று வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பால் தேநீர் ஊற்றும் ஹோட்டல்காரர் சாயத்தைத்தான் பார்ப்பார், அவருக்கு டஸ்ட் வேண்டும். ஆகவே யாருக்கு விற்கிறோம் என்பது தெரிந்தால்தான் எந்தத் தரம் என்பது தெரியும், தரம் தெரிந்தால்தான் விலை தெரியும். தெருவில் மலிவாக வரும் மூட்டையைத் தொட்டுவிடாதீர்கள். கழிவுத் தேயிலையை அனுமதிப்பத்திரம் இன்றி வைத்திருப்பதே குற்றம், வியாபாரம் தொடங்குமுன் பொலிஸுக்குப் போக நேரிடும்.

இனி நான் ஏமாந்த இடம். ஏமாற்றியவர் எவருமில்லை, பிழை என்னுடையதே. கொழும்பில் ஓர் அச்சகத்தில் "200 கிராம் பை" என்று சொன்னேன். மாதிரிக்கு என்று கடையிலிருந்த டஸ்ட் தேயிலையை அனுப்பினேன். பை வந்தது, அழகாகவும் இருந்தது. ஆனால் இதற்கிடையில் நான் பி.ஓ.பி. போடுவதென்று முடிவெடுத்திருந்தேன். டஸ்ட் நெருக்கமாகப் படியும். பி.ஓ.பி. இலை பெரிது, அதே எடைக்குக் கூடிய இடம் பிடிக்கும். 170 கிராம் போட்டவுடனேயே பை நிறைந்துவிட்டது, வாயை ஒட்ட இடமில்லை. பையில் அச்சடித்திருப்பதோ 200 கிராம். மேலே ஸ்டிக்கர் ஒட்டி எடையைக் குறைத்து விற்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். வாங்குபவர் அதை எப்படிப் பார்ப்பார்? அத்தனை பைகளும் குப்பைக்குப் போயின.

அச்சகத்தாருக்குத் தேயிலை தெரியாது, எமக்குப் பை தெரியாது. நடுவில் எடை என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு பேசினோம். சொல்ல வேண்டியது கன அளவு. அதே தரம்கூடத் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை கொஞ்சம் வித்தியாசப்படும். ஆகவே விற்கப்போகும் தேயிலையிலேயே ஒரு கிலோவை அச்சகத்துக்குக் கொடுங்கள். அச்சில்லாத வெறும் பை மூன்று நான்கு செய்து தரச் சொல்லுங்கள். நிரப்பி, மேசையில் தட்டி, ஒட்டிப் பார்த்து, நீளம், அகலம், ஒட்டும் இடம் எல்லாவற்றையும் கடதாசியில் எழுதி, இரு பக்கமும் கையொப்பம் வைத்த பிறகு அச்சுக்கு விடுங்கள். தொலைபேசியில் பேசி முடித்தது கணக்கில் வராது.

தமிழ் எழுத்திலும் கவனம் வேண்டும். எமது கணினியில் சரியாக இருந்த எழுத்து அச்சகத்தின் கணினியில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகப் பிரிந்துவிடுவது உண்டு. டிசைன் செய்பவரிடம் எழுத்தைப் படமாக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள், அச்சுக்கு முன் வரும் மாதிரியைத் தமிழ் தெரிந்த ஒருவர் வாசிக்கட்டும்.

செலவைப் பொறுத்தவரை, மருமகனுக்குத் தெரியாமலிருந்தது சிலிண்டர் கணக்கு. உள்ளே அலுமினியத் தாள் வைத்த பைகளைப் பொதுவாக உருளை அச்சில் அடிப்பார்கள், ஒரு நிறத்துக்கு ஒரு சிலிண்டர். ஓர் உதாரணத்துக்கு, ஒன்று இருபதாயிரம் ரூபா என்று வைப்போம். ஐந்து நிறத்துக்கு ஓர் இலட்சம். பத்தாயிரம் பை அடித்தால் பை ஒன்றின் தலையில் பத்து ரூபா, ஐம்பதாயிரம் அடித்தால் இரண்டு ரூபா. பையின் விலை இதற்குப் புறம்பு. மலிவாகிறதே என்று ஐம்பதாயிரம் அடித்து, பாதியை மூலையில் அடுக்கி வைப்பவரும் உண்டு. நிறத்தை இரண்டாகக் குறைத்தால் அறுபதாயிரம் மிச்சம். அதோடு சிந்துவது, அரித்துக் கழிப்பது, கூலி, லொறி, கடைக்காரர் இலாபம், அவர் கேட்கும் ஒரு மாதக் கடன் எல்லாவற்றையும் எழுத வேண்டும். 2022இல் ரூபா விழுந்தபோது, இறக்குமதிப் பொருளில் செய்யும் பைகளின் விலை ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த இடைவெளிக்கும் ஏதாவது வைக்க வேண்டும்.

டில்மாவை உதாரணம் காட்டினான். மெரில் ஜே. பெர்னாண்டோ அந்தப் பெயரை அவுஸ்திரேலியச் சந்தையில் இறக்கினார். அதற்கு முன் பல ஆண்டுகள் பிறருடைய பெயரில் போகும் தேயிலையை மொத்தமாக ஏற்றுமதி செய்தவர், தேயிலையைச் சுவை பார்க்கவும் கற்றவர். அந்த ஆண்டுகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

அட்வான்ஸை நிறுத்தி, கடையில் வாங்கக்கூடிய அச்சில்லாத அலுமினியப் பையில் ஸ்டிக்கர் ஒட்டி 500 பக்கெட் மட்டும் போடச் சொன்னேன். சவர்க்காரமும் நுளம்புச் சுருளும் இல்லாத அறையில் பொதி செய்யும்படியும் சொன்னேன், தேயிலை எந்த வாசனையையும் இழுத்துவிடும். முகம் சுருங்கித்தான் போனான். அடுத்த வாரம் மூன்று வெறும் பைகளோடு வந்தான். கொட்டகலைப் பக்கத்து பி.ஓ.பி.யை நிரப்பித் தட்டினோம். இரண்டு பை மூடவில்லை. மூன்றாவது மூடியது, அதன் அளவை எழுதிக்கொண்டு போயிருக்கிறான்.