மூன்று சென்டிமீட்டரின் விலை

டயருக்கும் அதற்கு மேலே உள்ள மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் போதும் என்பது கார் பிரியர்களின் கணக்கு. ஷோரூமிலிருந்து வரும் மாருதி ஸ்விஃப்டில் உள்ளங்கையே தாராளமாகப் போய்வரும். அந்த இடைவெளி சிலருடைய கண்ணை உறுத்துகிறது. லோயரிங் ஸ்பிரிங் வாங்கி மாட்டுகிறார்கள். கார் மூன்று சென்டிமீட்டர் இறங்குகிறது. பார்க்க மிடுக்காகத்தான் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. முன்னைப் போல வளைவில் சாய்வதில்லை, ரோட்டைக் கவ்விக்கொண்டு போகிறது என்றும் சொல்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் உண்மையே. ஆனால் சாயாததற்குக் காரணம் கார் தாழ்ந்ததுதானா என்று கேட்டால், கணக்கு வேறு பதில் சொல்கிறது.

ஓட்டுநரோடு சேர்த்து காரின் எடை 1000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடைமையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. இடது, வலது சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர். புவியீர்ப்பில் பாதியளவு பக்கவாட்டு விசை வரும் வேகத்தில் வளைவில் திரும்புகிறோம் (பின் இருக்கையில் இருப்பவர்கள் கைப்பிடியைத் தேடும் வேகம் இது). அப்போது உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்குச் சுமார் 183 கிலோ சுமை மாறுகிறது. எடைமையத்தை 52 செ.மீட்டருக்கு இறக்கினால் அது 173 கிலோ ஆகிறது. அவ்வளவு செலவுக்கும் கிடைத்த லாபம் பத்து கிலோ.

அந்தப் பத்து கிலோ லாபத்தோடு ஒரு நஷ்டமும் சேர்ந்து வருகிறது. அதைப் புரிந்துகொள்ள முன்சக்கரம் எப்படித் தொங்குகிறது என்று பார்க்க வேண்டும். ஸ்விஃப்ட் உள்ளிட்ட பெரும்பாலான சிறிய கார்களின் முன்பக்கம் இருப்பது மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட். எர்ல் மேக்ஃபெர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர், ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் 1940களில் ஒரு சிறிய செவ்ரொலே காருக்காக உருவாக்கிய அமைப்பு இது. அந்தக் கார் சந்தைக்கு வரவே இல்லை. அவர் ஃபோர்டுக்குப் போனார். அங்கே 1951இல் பிரிட்டனில் வெளிவந்த கான்சல், ஸெஃபிர் கார்கள் மூலம் அவருடைய ஸ்ட்ரட் புகழ்பெற்றது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் (சுருக்கமாக ஷாக்) ஒரே தூணில். கீழே ஒரே ஒரு ஆர்ம். இடமும் குறைவு, செலவும் குறைவு. இன்றுவரை அது நிலைத்திருப்பதற்கு இதுதான் காரணம்.

வளைவில் காரின் உடல் சாயும்போது அது ஒரு கற்பனைப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறது. உருள்மையம் என்று சொல்லலாம். மேக்ஃபெர்சன் அமைப்பில் அந்தப் புள்ளி எங்கே இருக்கும் என்பதைக் கீழ் ஆர்மின் சாய்வே பெரிதும் தீர்மானிக்கிறது. காரைத் தாழ்த்தும்போது ஆர்மின் உள்முனை உடலோடு சேர்ந்து இறங்குகிறது, சக்கரத்தைப் பிடித்திருக்கும் வெளிமுனை இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆர்மின் கோணம் மாறிவிடுகிறது. விளைவு, எடைமையம் மூன்று சென்டிமீட்டர் இறங்கினால் உருள்மையம் அதைவிட அதிகமாக இறங்குகிறது. இரண்டுக்கும் உள்ள தூரம்தான் உடலைச் சாய்க்கும் நெம்புகோல். அது நீள்கிறது. அதாவது, ஸ்பிரிங்கின் விறைப்பை மாற்றாமல் உயரத்தை மட்டும் குறைத்தால், இத்தகைய கார் முன்னைவிட அதிகமாகச் சாயவும் கூடும்.

பிறகு ஏன் சாயவில்லை? லோயரிங் ஸ்பிரிங் குட்டையானது மட்டுமல்ல, விறைப்பானதும்கூட. சாய்வைக் குறைத்தது விறைப்பு. பெயர் வாங்கியது உயரம்.

ஸ்பிரிங்கை இழுத்தாலோ அமுக்கினாலோ ஏற்படும் மாற்றம் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று ராபர்ட் ஹூக் 1678இல் எழுதினார். எவ்வளவு விசைக்கு எவ்வளவு மாற்றம் என்பதைக் கம்பியின் தடிமன், சுருளின் அகலம், சுற்றுகளின் எண்ணிக்கை மூன்றும் முடிவு செய்கின்றன. இதில் தடிமனின் கை ஓங்கியது. விறைப்பு அதன் நான்காம் அடுக்கில் கூடும். கம்பியைப் பத்து சதவீதம் தடிமனாக்கினால் ஸ்பிரிங் 46 சதவீதம் விறைத்துவிடும். சுற்றுகளைக் குறைத்தாலும் விறைப்பு ஏறும். சில பட்டறைகளில் கிரைண்டரை எடுத்து ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எறிவது இந்தத் தைரியத்தில்தான். ஆறு சுற்றில் ஒன்று போனால் விறைப்பு 20 சதவீதம் கூடும் என்பது சரிதான். ஆனால் வெட்டிய முனை அதன் இருக்கையில் ஒழுங்காக உட்காராது. பள்ளத்தில் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் இருக்கையை விட்டே நழுவலாம். வெட்டுமுனையிலிருந்து விரிசலும் தொடங்கும். எந்த விலைக்கும் இது வேண்டாம்.

விறைப்பு கூடினால் பயணம் எப்படி மாறும்? ஒவ்வொரு காருக்கும் மேலும் கீழும் ஆடும் இயல்பான தாளம் ஒன்று உண்டு. விநாடிக்கு ஒருமுறை ஆட வேண்டுமென்றால் காரின் எடையால் மட்டும் ஸ்பிரிங் 25 செ.மீ. அமுங்கியிருக்க வேண்டும். ஒன்றரை முறை ஆட 11 செ.மீ. அமுங்கினால் போதும். சாதாரணக் கார்கள் இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கும், பந்தயக் கார்கள் இரண்டு முறையையும் தாண்டும். நாம் நடக்கும்போது உடல் விநாடிக்குச் சுமார் இரண்டு முறை ஏறி இறங்குகிறது, அந்தத் தாளம் நமக்குப் பழகியது. ஆனால் நான்கிலிருந்து எட்டு முறை வரையிலான செங்குத்து அதிர்வு உடலுக்கு அறவே ஆகாது. விறைத்த ஸ்பிரிங் அந்தக் கூர்மையான அதிர்வுகளை வடிகட்டாமல் இருக்கைக்கு அனுப்புகிறது. நெடும்பயணம் முடித்து இறங்கும்போது இடுப்பு சொல்வது அதைத்தான்.

தாளம் முன்னும் பின்னும் ஒரேபோல் இருக்கக் கூடாது என்பதைக் கண்டு சொன்னவர் மாரிஸ் ஓலி. ரோல்ஸ் ராய்ஸில் வேலை பார்த்துவிட்டு 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கேடிலாக்கில் சேர்ந்தவர். எடைகளை இடம் மாற்றி மாற்றி வைக்கக்கூடிய ஒரு சோதனைக் காரை ஓட்டிப் பார்த்தார். மேட்டை முதலில் சந்திப்பது முன்சக்கரம், அது ஆடத் தொடங்கிச் சிறிது நேரம் கழித்தே பின்சக்கரம் ஆடத் தொடங்கும். பின்பக்கத் தாளம் சற்று வேகமாக இருந்தால் அது முன்பக்கத்தை எட்டிப் பிடித்துவிடும். இரண்டும் சேர்ந்து ஆடும்போது கார் முன்னும் பின்னும் தூக்கித் தூக்கிப் போடாமல் மட்டமாக ஏறி இறங்கும். முன்பக்க ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால், காரை வடிவமைத்தவர்கள் பார்த்துப் பார்த்து அமைத்த இந்த ஒத்திசைவு கெடும். காங்கிரீட் சாலையின் இணைப்புகளில் கார் குதிரை போலத் தலையாட்டத் தொடங்கும்.

இனி ஷாக். மேட்டில் மோதிய விசையை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். வாங்கியதை அது திருப்பிக் கொடுத்துவிடும், மறுபடி வாங்கும், மறுபடி கொடுக்கும். அந்த ஆட்டத்தை நிறுத்துவது ஷாக்கின் வேலை. எண்ணெய் நிறைந்த உருளைக்குள் ஒரு பிஸ்டன், அதில் சிறு துளைகளும் வால்வுகளும். மெதுவாக நகர்த்தினால் எண்ணெய் வழிவிடும், வேகமாகத் தள்ளினால் எதிர்க்கும். ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறிக் காற்றில் போய்விடும். மேடு பள்ளமான சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு ஷாக்கைத் தொட்டால் கை சுடும். பெரும்பாலான ஷாக்குகளில் அமுங்கும்போது எதிர்ப்பு குறைவு, நீளும்போது அதிகம். ஏனென்றால் அமுங்கும்போது ஸ்பிரிங்கும் எதிர்க்கிறது. நீளும்போதோ ஸ்பிரிங்கே தள்ளிவிடுகிறது.

ஒரு ஷாக் எந்த ஸ்பிரிங்குக்காக அளவெடுத்துச் செய்யப்பட்டதோ அதற்குத்தான் சரியாக இருக்கும். ஸ்பிரிங்கை 30 சதவீதம் விறைப்பாக்கினால், பழைய ஷாக்கின் அடக்கும் திறன் ஒப்பீட்டளவில் 12 சதவீதம் குறைகிறது. அந்த ஷாக் ஏற்கெனவே அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்தது என்றால் கேட்கவே வேண்டாம். மேட்டைத் தாண்டிய பிறகும் கார் துள்ளும். வளைவில் ஒரு குழி வந்தால் டயர் கணநேரம் தரையைவிட்டு எழும்பும். எழும்பிய டயருக்குப் பிடிப்பு ஏது? புது ஸ்பிரிங், பழைய ஷாக் என்ற கூட்டணிதான் இந்த வேலையில் மிக மலிவானது, மிகப் பரவலானது, மிக மோசமானதும்கூட.

தரம் உயர்ந்த ஷாக் என்று விற்பவற்றில் பலவும் ஒற்றைக்குழாய் வகை. கிறிஸ்தியன் பூர்சியே தெ கார்போன் என்ற பிரெஞ்சுக்காரரின் யோசனை இது. ஜெர்மனியின் பில்ஸ்டைன் நிறுவனம் 1950களில் இதைப் பெருமளவு உற்பத்திக்குக் கொண்டுவந்தது. சாதாரண ஷாக்கில் குழாய்க்குள் குழாய் இருக்கும். தொடர்ந்து வேகமாக ஆடினால் எண்ணெயில் குமிழிகள் உண்டாகி அது நுரைத்துப் பலமிழக்கும். ஒற்றைக்குழாயில், எண்ணெய்க்குப் பின்னால் மிதக்கும் ஒரு தடுப்புக்கு அப்புறம் நைட்ரஜன் வாயு வளிமண்டல அழுத்தத்தைப் போல 20, 30 மடங்கில் அடைக்கப்பட்டிருக்கும். அந்த அழுத்தம் குமிழியை எழவிடாது. வெப்பமும் நேராக வெளிச்சுவர் வழியே போய்விடும். தாழ்த்திய காருக்கென்றே குட்டையான உடலோடு வரும் ஷாக்குகளும் உண்டு. இல்லாவிட்டால் பிஸ்டன் எப்போதும் மூன்று சென்டிமீட்டர் கீழேயே நின்று வேலை செய்யும், அடிபடும்போது உருளையின் அடியில் போய் முட்டும்.

இந்த முட்டல்தான் நம் சாலைகளில் பெரிய விஷயம். சக்கரம் மேலே எழும்ப 8 செ.மீ. இடம் இருந்தது என்று வைப்போம். மூன்று போனால் மிச்சம் ஐந்து. முன்பு எட்டில் வாங்கிய அதே அடியை ஐந்தில் வாங்க வேண்டுமானால் ஸ்பிரிங் இரண்டரை மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் லோயரிங் ஸ்பிரிங்குகளின் விறைப்பு இதற்கு அருகில்கூட வராது. மிச்ச அடியை வாங்குவது பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டை. ‘டங்’ என்று கேட்கும் சத்தம் அதனுடையதுதான்.

அடிவயிறு தட்டுவது இன்னொரு கணக்கு. 2018இல் வந்த ஸ்விஃப்டின் தரை இடைவெளி 163 மி.மீ. தாழ்த்தினால் 133. ஆள் ஏறினால் இன்னும் குறையும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், 25 கி.மீ. வேகத்தில் கடக்கத்தக்கது. ஸ்விஃப்டின் முன் பின் அச்சுகளுக்கு நடுவே 2.45 மீட்டர். அந்த வளைந்த மேட்டின் உச்சியில் கார் நிற்கும்போது வயிற்றுக்குக் கீழே குறைவது வெறும் நாலரை சென்டிமீட்டர்தான். தாழ்த்திய காரும் தட்டாமல் போய்விடும். ஆனால் தெருவாசிகள் ஒரு இரவில் கொட்டிய குறுகலான காங்கிரீட் வரப்புக்கு எந்தக் கணக்கும் பொருந்தாது. அதன் முழு உயரமும் இரண்டு சக்கரங்களுக்கு நடுவே நிற்கும்.

பொருத்தும் வேலையைப் பற்றிச் சில வார்த்தைகள். ஸ்ட்ரட்டைக் கழற்றி ஸ்பிரிங்கை கம்ப்ரஸரால் அமுக்கும்போது அதில் 400 ஜூல் வரை ஆற்றல் தேங்கலாம். 40 கிலோ எடையை ஒரு மீட்டர் தூக்கிப்போடும் ஆற்றல் அது, முகத்துக்கு நேரே. வீட்டு வாசலில் செய்கிற வேலை இல்லை. ஆர்மின் மூட்டில் உள்ள ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளைக் கார் ஜாக்கியில் தொங்கும்போது முறுக்கக் கூடாது, சக்கரம் தரையில் சுமை தாங்கி நிற்கும்போதுதான் முறுக்க வேண்டும். இல்லையென்றால் புஷ் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சில மாதங்களில் கிழிந்துவிடும். அவசரப் பட்டறைகளில் தவறாமல் நடக்கும் பிழை இது. அடுத்து வீல் அலைன்மென்ட். டயரின் உட்பக்கம் தேய்ந்தால் கேம்பரின் மீது, அதாவது சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் அளவின் மீது, பழி போடுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி டோ, அதாவது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு. புது ஸ்பிரிங் சில நூறு கிலோமீட்டர் ஓடி உட்கார்ந்த பிறகு அதை இன்னொரு முறையும் பார்க்க வேண்டும். ஹெட்லைட்டின் குறியையும்தான்.

சட்டத்தையும் மறக்க முடியாது. தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியற்ற மாற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே என்று சேர்க்கப்பட்டது. இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை செட்டிப்பாளையத்திலோ உள்ள பந்தயத் தடங்களில் நிலைமை வேறு. அங்கே வழவழப்பான தார், வரப்பு இல்லை, ஒவ்வொரு கிலோவும் விநாடியாக மாறும். தாழ்த்துவதற்கு அங்கே அர்த்தம் உண்டு.

அன்றாடம் ஓட்டும் காருக்கு வளைவில் நம்பிக்கை வேண்டும் என்பவர்கள் ஸ்பிரிங்கில் கை வைக்காமல், தேய்ந்த நான்கு ஷாக்குகளையும் அதே அளவுள்ள நல்லவற்றால் மாற்றி, கூடவே நல்ல டயர்களும் போட்டு ஓட்டிப் பாருங்கள். பலருக்கு அதற்கு மேல் தேவைப்படாது. மட்கார்டு இடைவெளி மட்டும்தான் உறுத்துகிறது என்றால், அது பொறியியல் பிரச்சினை அல்ல.