காலையில் 30 குஞ்சு, மாலையில் மூணு! தொட்டி மீன் சாவது ஏன்?

தர்மபுரி: காலையில் எழுந்து பார்த்தால் கண்ணாடித் தொட்டியில் கடுகுக்குக் கண் முளைத்த மாதிரி முப்பது குஞ்சுகள். பிள்ளைகள் துள்ளிக் குதிக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்து பார்த்தால் மூன்றுதான் மிச்சம்!

"மத்ததெல்லாம் எங்கேப்பா போச்சு?"

அப்பாவுக்குப் பதில் வரவில்லை. கப்பி, மோலி வளர்க்கிற எந்த வீட்டிலும் நடக்கிற சங்கதிதான் இது.

தாயே எமன்

கப்பி முட்டையிடாது. ஏறக்குறைய நாலு வாரத்துக்கு ஒருமுறை உயிருள்ள குஞ்சாகவே போடும். போட்ட குஞ்சைத் தாயே தின்றுவிடும்! கண் முன்னே அசைகிற சின்னப் பொருள் எல்லாம் அதற்கு இரைதான்.

வயிறு உப்பி, அடிவயிற்றில் வால் பக்கம் உள்ள கரும்புள்ளி பெரிதானால் நாள் நெருங்கிவிட்டது. தொட்டியில் வேலம்பாசியை நிறையப் போடுங்கள். குஞ்சுகள் ஒளிந்துகொள்ளும். பெற்றதும் தாயை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள்.

குழாய்த் தண்ணீர்

தர்மபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பல் காவியேறும், எலும்பும் கெடும். அதனால்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது.

நமக்கு அந்தத் தண்ணீர் வரப்பிரசாதம். ஆனால் கிருமியைக் கொல்லக் கலக்கும் குளோரின், மீன் குஞ்சின் செவுளையும் பதம் பார்த்துவிடும். குழாயில் பிடித்த கையோடு தொட்டியில் ஊற்றக் கூடாது. வாயகன்ற வாளியில் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள். குளோரின் பறந்துவிடும்.

மாற்றும்போதும் நாலில் ஒரு பங்கு தண்ணீரை மட்டும் மாற்றுங்கள்.

பாசமும் கொல்லும்

"ஐயோ பாவம், பசிக்குமே" என்று தீனியை அள்ளிப் போடுவார்கள். மிச்சம் அழுகி அமோனியா ஆகும். தண்ணீர் பளிங்கு மாதிரி தெரியும், உள்ளே விஷம்! அவித்த முட்டை மஞ்சள் கரு கடுகளவு, தண்ணீரில் கரைத்து, நாளைக்கு மூன்று வேளை. அது போதும்.

அமோனியாவை ஒழிக்கிற நல்ல பாக்டீரியா புதுத் தொட்டியில் பெருக ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். புதுத் தொட்டியில் சாவு அதிகமாவது இதனால்தான். பில்டர் பஞ்சைக் குழாயடியில் தேய்த்துக் கழுவினால் அந்த பாக்டீரியாவும் போச்சு. தொட்டியில் எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள்.

மனசு ஒடியாதீங்க

இவ்வளவு பார்த்தும் சில சாகத்தான் செய்யும். ரோகு மீன் கிலோ எடைக்கு லட்சம் முட்டைக்கு மேல் போடும். அத்தனையும் பிழைத்தால் காவிரியில் தண்ணீருக்கே இடம் இருக்காது! கைதேர்ந்தவர்கள் நடத்தும் மீன் பண்ணையிலும் விரல் நீளம் வளரும் முன்பே ஏராளமான குஞ்சுகள் போய்விடும்.

செத்ததை உடனே எடுத்துவிடுங்கள். பிள்ளைக்குத் தெரியாமல் சாக்கடையில் கொட்டிவிட்டு, "கடைக்காரர் வாங்கிட்டுப் போயிட்டார்" என்று பொய் சொல்ல வேண்டாம். செடியடியில் பிள்ளை கையாலேயே புதைக்கச் சொல்லுங்கள். எங்கே தப்பு நடந்தது என்று இருவரும் உட்கார்ந்து யோசியுங்கள். அடுத்த தடவை தண்ணீரை வாளியில் பிடித்து வைக்க அந்தப் பிள்ளையே ஞாபகப்படுத்தும்.

மிஞ்சிய மூன்றில் ஒரு ஜோடி தேறினால் போதும். மூன்று, நாலு மாதத்தில் தொட்டி மறுபடி நிறையும். அப்போது இடம் போதவில்லை என்று ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள். அங்குள்ள நாட்டு மீன்களுக்கு அது கேடு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுங்கள், ஒரு வாளி பழைய தண்ணீரோடு!