கலத்தினுள் ஓடும் படகுகள்

நெடுந்தீவு மக்களின் அன்றாட வாழ்க்கை குறிகட்டுவான் இறங்குதுறையில் தொடங்குகிறது எனலாம். அரிசி, மா, எரிபொருள், மருந்து முதலியன அங்கிருந்து கடல் கடந்தே தீவை வந்தடைய வேண்டும். தீவு வைத்தியசாலையில் அளிக்க இயலாத சிகிச்சையை நாடும் நோயாளியும் அதே கடலைக் கடந்தே யாழ்ப்பாணம் செல்ல வேண்டும். ஒரு பொருள் ஓரிடத்தில் இருப்பது வேறு, அது வேண்டிய இடத்துக்கு வேண்டிய நேரத்தில் போய்ச் சேருவது வேறு என்பதைக் கடல் கொந்தளிக்கும் நாள்களில் தீவகத்தவர் நன்கு உணர்வர். நமது உடலின் கலங்களும் இதே விதிக்குக் கட்டுப்பட்டே உயிர்வாழ்கின்றன. அங்கும் துறைகள் உண்டு, பாதைகள் உண்டு, சரக்கைச் சுமந்து செல்லும் ஊர்திகளும் உண்டு.

கலத்தைப் பாடசாலையில் நாம் ஓர் அசையாப் படமாகவே கற்கிறோம். நடுவில் கரு, அதனைச் சூழ்ந்து சில புன்னங்கங்கள், வெளியே ஒரு மென்சவ்வு என்று வரைந்து பெயர் குறித்துவிடுகிறோம். உண்மையில் அந்தப் புன்னங்கங்கள் ஓரிடத்தில் நிலைத்து நிற்பவை அல்ல. சக்தியை வழங்கும் இழைமணிகளும், புரதங்களைத் தாங்கிய நுண்பைகளும், பழுதடைந்தவற்றை அழிக்கும் இலைசோசோம்களும் ஓயாது இடம்பெயர்ந்துகொண்டே இருக்கின்றன.

சிறிய கலமொன்றில் பொருள்கள் தாமாகவே பரவி மறுகரையை அடைந்துவிடலாம். நரம்புக்கலத்தின் நிலை அவ்வாறானதன்று. கால் விரலின் உணர்வைக் கொண்டுவரும் நரம்புக்கலத்தின் உடல் முள்ளந்தண்டின் அருகே உள்ளது. அதிலிருந்து புறப்படும் அக்சோன் என்ற இழை ஏறத்தாழ ஒரு மீற்றர் நீண்டு விரலை அடைகிறது. இழைக்குத் தேவையான புரதங்களிற் பெரும்பாலானவை கலவுடலிலேயே ஆக்கப்படுகின்றன. அவை தாமாகப் பரவி விரல்நுனியை அடைய வேண்டுமெனில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் செல்லும். தூரம் இரு மடங்காகும்போது பரவலுக்கு வேண்டிய காலம் நான்கு மடங்காவதே இதற்குக் காரணம். ஆகவே, சுமந்து செல்லும் ஏற்பாடு ஒன்று இன்றியமையாததாகிறது.

அத்தகைய ஏற்பாடு உண்டு என்பதற்கான தெளிவான சான்று 1948ஆம் ஆண்டில் கிடைத்தது. சிக்காகோவில் போல் வைஸ், ஹெலன் ஹிஸ்கோ ஆகியோர் நரம்பை ஓரிடத்தில் இறுக்கிப் பார்த்தனர். இறுக்கிய இடத்துக்கு மேலே, கலவுடலை நோக்கிய பக்கத்தில், நரம்பு வீங்கியது. வாய்க்காலை மறித்தால் நீர் தேங்குவது போலப் பொருள்கள் தேங்கின. ஆயினும் அவற்றைச் சுமப்பது எது என்ற வினாவுக்கு விடை காண மேலும் பல ஆண்டுகள் தேவைப்பட்டன.

அந்த விடையைத் தந்தது, நமது தீவகக் கடலில் வலையில் அகப்படும் கணவாயின் உறவினம் ஒன்றாகும். கணவாயின் உடலில் உள்ள சில நரம்பிழைகள் வெறுங்கண்ணுக்கே தெரியுமளவு பருத்தவை. அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் கடலுயிரியல் ஆய்வுகூடத்தில் அவ்விழையின் உள்ளீட்டைப் பிதுக்கி எடுத்து, ஒளிப்பதிவுக் கருவி பொருத்திய நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தபோது, துணிக்கைகள் தடம் பிடித்து ஓடுவது கண்ணெதிரே தெரிந்தது. 1985இல் ரொனால்ட் வேல், தோமஸ் ரீஸ், மைக்கல் ஷீட்ஸ் ஆகியோர் அவற்றை இழுத்துச் செல்லும் புரதத்தைப் பிரித்தெடுத்துக் கைனெசின் எனப் பெயரிட்டனர். எதிர்த்திசையில் இழுத்து வரும் டைனீன் என்ற புரதத்தின் பணி அடுத்த சில ஆண்டுகளில் வெளிப்பட்டது.

இவற்றின் பாதை நுண்புன்குழாய். அதன் விட்டம் 25 நனோமீற்றர் மட்டுமே. கைனெசின் அதன்மீது இரு கால்களால் நடப்பது போல அடியெடுத்து வைக்கிறது. ஓர் அடி 8 நனோமீற்றர். ஒவ்வோர் அடிக்கும் ஒரு ஏ.ரி.பி. மூலக்கூறு செலவாகிறது. ஒரு மீற்றரைக் கடக்க 12 கோடியே 50 இலட்சம் அடிகள் வேண்டும். தனியொரு கைனெசின் ஏறத்தாழ நூறு அடிகளிலேயே பிடி தளர்ந்துவிடும் என்பதால், பல மூலக்கூறுகள் மாறி மாறித் தோள்கொடுக்கின்றன. இவ்வாறு விரைவுச் சரக்கு நாளொன்றுக்கு 200 முதல் 400 மில்லிமீற்றர் வரை நகர்ந்து, சில நாள்களில் விரல்நுனியை அடைகிறது. தனியாக நலிந்ததான டைனீன் கூட்டமாகச் சேரும்போது பெரும் சுமையை இழுக்க வல்லது என்பதை மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ரூப் மாலிக் குழுவினர் 2013இல் எடுத்துக்காட்டினர்.

பாதை அழிந்தால் என்ன நேரும் என்பதற்கான சான்று நமது வேலியோரத்திலேயே உள்ளது. கார்த்திகைப்பூச் செடியின் கிழங்கிலுள்ள கொல்கிசின் என்ற நஞ்சு, நுண்புன்குழாயின் செங்கற்களான தியூபுலின் புரதத்தைப் பற்றிக்கொண்டு, குழாய் மீண்டும் கட்டப்படுவதைத் தடுக்கிறது. கலப்பிரிவு நின்றுபோகிறது; குடலும் என்பு மச்சையும் முதலில் தாக்கப்படுகின்றன. உண்ணத்தக்க கிழங்கென மயங்கி அதனை உண்டவர்கள் இலங்கையில் உயிரிழந்துள்ளனர். நமது முற்றங்களிற் பூக்கும் பட்டிப்பூவிலிருந்து பெறப்படும் வின்கிரிஸ்டின் புற்றுநோய்க்கு மருந்தாவதும் இதே வழியிலாகும். அம்மருந்தைப் பெறுவோருக்குக் கால் விரல்களும் கை விரல்களும் மரத்துப்போவதுண்டு. பாதை நலிந்தால் மிகத் தொலைவில் உள்ள இடமே முதலில் வாடும் என்பதை இது காட்டுகிறது.

பாதையைப் பகைவனும் பயன்படுத்துவான். விசர்நாய்க்கடி வைரசு, கடிபட்ட தசையிலிருந்து நரம்பினுள் நுழைந்து, டைனீன் இழுக்கும் சரக்கோடு சரக்காக மூளையை நோக்கிப் பயணிக்கிறது. நோய் வெளிப்படப் பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதங்கள் செல்லும்; சிலருக்கு ஒரு வாரமே போதுமானதாகலாம். முகத்திற் கடிபட்டவருக்கு அபாயம் மிகுதி. மூளைக்கான வழி அங்கு குறுகியது. வைரசு நரம்பினுள் புகுந்து மூளையை அடையுமுன் கிடைக்கும் இந்த அவகாசமே தடுப்பூசி பயனளிக்க இடமளிக்கிறது. நோய்க்குறிகள் தோன்றிய பின்னர் உயிர் பிழைத்தல் மிக அரிது. எனவே கடிபட்டவுடன் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடங்கள் கழுவி, தாமதமின்றி வைத்தியசாலையை அடைய வேண்டும். கடல் கடக்க வேண்டியவர்களுக்கு, "நாளை பார்த்துக்கொள்ளலாம்" என்ற எண்ணம் ஏனையோருக்கு உள்ளதைவிட ஆபத்தானது.

எனினும் நம்மிற் பலரது வீட்டுக்குள் இப்பிரச்சினை ஓசையின்றி நுழையும் வழி நீரிழிவாகும். குருதியில் நீண்டகாலம் மிகுந்திருக்கும் வெல்லம் நரம்புகளையும் அவற்றுக்கு உணவளிக்கும் நுண்குருதிக் குழாய்களையும் பழுதாக்குகிறது. நரம்பிழையினுள் நடைபெறும் இந்தச் சரக்குப் போக்குவரத்து நலிவதும் அப்பாதிப்பின் ஒரு பகுதி என விலங்குகளில் நிகழ்த்தப்பட்ட ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவேதான் மரத்துப்போதல் உடலின் மிக நீண்ட நரம்புகள் முடியும் கால் விரல்களில் தொடங்கி, காலுறை அணியும் பகுதிவரை மெல்ல ஏறுகிறது. உணர்வற்ற பாதத்தில் முள்ளோ கல்லோ ஏற்படுத்தும் காயம் வலிப்பதில்லை. வலிக்காத காயம் கவனிக்கப்படுவதில்லை. இறுதியில் காலையே இழக்க நேரிடுகிறது. நீரிழிவுள்ளவர் நாள்தோறும் பாதத்தின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதும், வெறுங்காலுடன் நடப்பதைத் தவிர்ப்பதும், ஆண்டுக்கு ஒரு முறையேனும் வைத்தியரிடம் பாதத்தைக் காட்டுவதும் இக்காரணத்தாலேயே வலியுறுத்தப்படுகின்றன.

கண்ணுக்குப் புலப்படாத இந்தப் போக்குவரத்திலிருந்து நாம் பெறும் பாடம் எளிது. மையத்தில் எவ்வளவு வளம் குவிந்திருந்தாலும், கடைக்கோடியின் நலத்தைத் தீர்மானிப்பது இடையிலுள்ள பாதையே. மையத்தில் உள்ளோர்க்குச் சிறு தாமதமாகத் தோன்றுவது கடைக்கோடியில் உயிர்ச்சேதமாகலாம். குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் இடையிலான படகுச் சேவையை, குறிப்பாக இரவில் நோயாளிகளைக் கொண்டுசெல்லும் ஏற்பாட்டை, பயணிகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு அளவிடுவது பொருந்தாது. உடலின் நலத்தை மதிப்பிடும் வைத்தியர் நீரிழிவு நோயாளியின் கால் விரலைத் தொட்டுப் பார்க்கிறார். ஒரு மாவட்டத்தின் நலத்தை மதிப்பிட விரும்புவோரும் அதன் கடைசித் தீவிலிருந்து தொடங்குவதே முறையாகும்.