நாளுக்கு ஒரு பாசுரம், நாளுக்கு ஒரு நன்றி

மார்கழி பிறந்துவிட்டால் விடிவதற்கு முன்பே ஊர் விழித்துக்கொள்கிறது. கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை ஒலிக்கத் தொடங்குகிறது. வாசல்தோறும் கோலமும், நடுவே சாணப் பிள்ளையார் தலையில் பூசணிப் பூவும் பொலிகின்றன. அந்த ஒலியைப் படுக்கையில் இருந்தபடியே கேட்கும் முதியவர்கள் பலர். பல்லாண்டுகள் பனியில் நீராடி, ஈரத் தலையோடு சன்னிதிக்கு விரைந்த கால்கள், இன்று முழங்கால் வலியால் வாசற்படியைத் தாண்டவும் தயங்குகின்றன. ‘இந்த வருஷம் ஒரு நாளாவது பெருமாளைச் சேவிக்க முடியுமா?’ என்னும் ஏக்கம் மார்கழிக் குளிரைவிடக் கடுமையானது. கோயிலுக்குச் செல்ல இயலாதவரின் மார்கழி, இறைவன் கணக்கில் வரவாகுமா? இவ்வினாவுக்கு விடை மார்கழி வழிபாட்டிலேயே இருக்கிறது.

மாதங்களுள் தான் மார்கழி என்று கண்ணபிரான் கீதையின் பத்தாம் அத்தியாயத்தில் அருளியுள்ளான். மனிதர்க்கு ஓராண்டு, தேவர்க்கு ஒரு நாள் என்பது மரபு. தை முதல் ஆறு மாதம் அவர்களுக்குப் பகல். ஆடி முதல் ஆறு மாதம் இரவு. ஆகவே மார்கழி அவர்களுடைய வைகறைப் பொழுது. திருமலையில் இம்மாதத்தில் சுப்ரபாதத்துக்குப் பதிலாகத் திருப்பாவை ஓதப்படுகிறது. சிவாலயங்களில் மாணிக்கவாசகர் அருளிய திருவெம்பாவைப் பாடல்கள் 20, திருப்பள்ளியெழுச்சிப் பாடல்கள் 10, ஆக 30 பாடல்கள் முழங்குகின்றன. திருப்பாவையும் 30 பாசுரங்களே. நாளுக்கு ஒன்று என்பதே முன்னோர் வகுத்த அளவு. பெரிய வேள்வியோ பெரும் பொருட்செலவோ விதிக்கப்படவில்லை; நாள் தவறாத சிறு நினைவே போதுமானதாகக் கருதப்பட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தன் நோன்பை அமைத்த முறையும் சிந்திக்கத்தக்கது. இரண்டாம் பாசுரத்தில் நெய்யும் பாலும் விலக்கப்படுகின்றன. மையும் மலரும் ஒதுக்கப்படுகின்றன. இருபத்தேழாம் பாசுரத்தில் விலக்கியவை யாவும் மகிழ்ச்சியோடு திரும்பி வருகின்றன. கூடாரவல்லி என்று கொண்டாடப்படும் அந்நாளில், நெய் வழியும் அக்காரவடிசிலை எல்லோரும் கூடியிருந்து உண்கின்றனர். அடுத்த பாசுரத்தில் ஆயர் சிறுமியர், தங்களிடம் அறிவும் தவமும் இல்லை என்பதை மறைக்காமல் கூறுகின்றனர். பசுக்களின் பின்னே செல்லும் தங்கள் எளிய குலத்தில் அவன் வந்து பிறந்ததையே பெரும் பேறாகக் கருதுகின்றனர். இருபத்தொன்பதாம் பாசுரத்திலோ, பறை வேண்டி வந்தவர்கள் அப்பறையையும் விட்டுவிட்டு, எப்பிறவியிலும் அவனுக்கு உறவாகி அவனுக்கே தொண்டு செய்யும் பேற்றை மட்டும் கேட்கின்றனர். பொருளை வேண்டித் தொடங்கிய வழிபாடு உறவை எண்ணி நெகிழ்வதில் நிறைவு பெறுகிறது. நன்றியுணர்வின் முதிர்ந்த நிலை இதுவே.

சைவ மரபில் சேந்தனார் வரலாறு இதே உண்மையைச் சொல்கிறது. பட்டினத்தாரிடம் கணக்கராக இருந்தவர் என்று போற்றப்படும் அவர், பிற்காலத்தில் தில்லையில் விறகு விற்று வாழ்ந்தார். நாள்தோறும் ஓர் அடியார்க்கு அமுது படைத்த பின்னரே தாம் உண்பது அவர் வழக்கம். ஒரு நாள் பெய்த மழையில் விறகு நனைந்து விற்காமல் போயிற்று. வீட்டில் இருந்த மாவைக் களியாகக் கிளறி அடியாரை எதிர்நோக்கினார். முதிய அடியாராக வந்த கூத்தபிரான் அதை உவந்து உண்டு, எஞ்சியதையும் பெற்றுச் சென்றான். மறுநாள் காலை தில்லைச் சன்னிதியில் களி சிதறிக் கிடந்ததாம். இன்றும் மார்கழித் திருவாதிரையன்று வீடுகளில் களி படைக்கப்படுகிறது. இல்லாததை எண்ணி வருந்தாமல் இருந்ததைக் கொடுத்தார். இறைவனே அவர் வாசலைத் தேடி வந்தான்.

எனவே நடக்க இயலாத முதியோர் மனம் தளர வேண்டியதில்லை. உடல்நலம் குன்றியவர்கள் தண்ணீரில் நீராடித் துன்புறவும் வேண்டா. வெந்நீரில் முகம், கை, கால் கழுவி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, விளக்கின் முன் ஒரு பாசுரம் ஓதலாம். கண் பார்வை மங்கியவர்கள் வீட்டிலுள்ள ஒருவரைப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம். அதன்பின் முதல் நாள் கிடைத்த ஒரு நன்மையை நினைந்து இறைவனுக்கு நன்றி கூறலாம். வலியின்றி உறங்கிய ஓர் இரவு, வெளியூர்ப் பிள்ளையிடமிருந்து வந்த தொலைபேசி அழைப்பு, மருமகள் பதமாகக் குழைத்துத் தந்த வெண்பொங்கல் ஆகிய எதுவும் சிறியதன்று. அரையாண்டு விடுமுறைக்கு வரும் பேரன் பேத்திகளை அருகில் அமர்த்தி, ‘நேற்று உனக்குக் கிடைத்த நல்லது என்ன?’ என்று கேட்டால், வழிபாடு அடுத்த தலைமுறைக்கும் எளிதாகச் சென்று சேரும்.

மார்கழி 29 நாள்களோடு முடியும் ஆண்டுகளில் கடைசி இரு பாசுரங்களையும் ஒரே நாளில் ஓதி நிறைவு செய்வர். நாள் குறைந்தாலும் நோன்பு குறைவதில்லை. மறுநாள் தை பிறக்கும். கதிரவனுக்குப் பொங்கலிட்டு ஊரே நன்றி சொல்லும். மார்கழி முழுவதும் நாளுக்கொரு நன்றி சொல்லிப் பழகிய நெஞ்சுக்கு, அந்தப் பொங்கல் கூடுதலாக இனிக்கும்.