சுவர்ப் பாசியும் உமரிச் செடியும்

ஐப்பசி அடைமழையில் சிதம்பரத்துப் பழஞ்சுவர்களில் பச்சைப் பட்டு விரித்தாற்போல் பாசி படர்கிறது. காலை வழுக்கிவிடும் குளத்துப் பாசி வேறு, இது வேறு. இதற்குப் பூ இல்லை, விதை இல்லை, உண்மையான வேரும் இல்லை! கோடையில் கருகிச் சுருண்டு கிடக்கும். ஒரு மழை விழட்டும், மீண்டும் பச்சை!

கிழக்கே சுமார் 15 கிலோ மீட்டர் போனால் பிச்சாவரம் உப்பங்கழி. அங்கே உமரி வளர்கிறது. பூக்கத்தான் பூக்கிறது, ஆனால் பூவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பாசியைப்போல் காய்ந்து காத்திருக்க இதற்குத் தெரியாது. தடித்த இலைகளில் நீரைச் சேர்த்துக்கொள்ளும். உப்பையும் அதிலேயே அடைத்துவிடும். கிள்ளி வாயில் போட்டால் கரிக்கும். கடலோரத்தில் கீரையாகச் சமைப்பதும் உண்டு.

2004 டிசம்பர் 26-ல் ஆழிப் பேரலை கடலூர் மாவட்டக் கரையோர வயல்களில் உப்பு நீரைப் பாய்ச்சியது. சுவர்ப் பாசிக்கு உப்பு ஆகாது. கடலில் வாழும் இனமே அந்த ஜாதியில் கிடையாது. உமரியோ, ஒரு ஹெக்டேர் உவர் நிலத்திலிருந்து 4 மாதத்தில் சுமார் 504 கிலோ உப்பை உறிஞ்சி எடுத்துவிடும்! அண்ணாமலைப் பல்கலைக் கழகத் தாவர ஆராய்ச்சியாளர்கள் 2007-ல் வெளியிட்ட கணக்கு இது. ஒன்று மட்டும்: செடியை அறுத்து வெளியே கொண்டுபோக வேண்டும். வயலிலேயே மட்கவிட்டால் அத்தனை உப்பும் மண்ணுக்கே திரும்பிவிடும்.