லிஸ்பன் உடன்படிக்கையும் அயர்லாந்தின் பொது வாக்கெடுப்புகளும்

லிஸ்பன் உடன்படிக்கை என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் அமைப்பையும் முடிவெடுக்கும் முறையையும் திருத்திய உடன்படிக்கையாகும். 27 உறுப்பு நாடுகள் 2007 டிசம்பர் 13 அன்று இதில் கையெழுத்திட்டன. 2005 இல் பிரெஞ்சு, டச்சு வாக்காளர்கள் நிராகரித்த ஐரோப்பிய அரசியலமைப்பு உடன்படிக்கையின் பல கூறுகள் இதில் மீண்டும் இடம்பெற்றன.

வாக்கெடுப்புகள்

ஏனைய நாடுகளில் நாடாளுமன்றங்கள் ஒப்புதல் அளித்தன. அயர்லாந்தில் மட்டும் பொது வாக்கெடுப்பு நடைபெற்றது. ஒன்றியத்தின் இயல்பை மாற்றும் உடன்படிக்கைகளுக்கு அரசியலமைப்புத் திருத்தம் தேவை என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1987 இல் தீர்ப்பளித்திருந்ததே இதற்குக் காரணம்.

2008 ஜூன் 12 வாக்கெடுப்பில் 53.4% வாக்குகள் எதிராக விழுந்தன. இராணுவ நடுநிலைமை, வரி விதிப்பு, கருக்கலைப்புச் சட்டம், ஐரோப்பிய ஆணையத்தில் நிலையான உறுப்பினரை இழத்தல் ஆகியன விவாதிக்கப்பட்டன. இவை குறித்து ஒன்றியம் உறுதிமொழிகள் அளித்தது. 2009 அக்டோபர் 2 அன்று நடந்த இரண்டாம் வாக்கெடுப்பில் 67.1% வாக்காளர்கள் ஆதரித்தனர். 2009 டிசம்பர் 1 அன்று உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது.

குடிமக்கள் உரிமைகள்

அடிப்படை உரிமைகள் சாசனம் இதன் மூலம் சட்ட வலுப் பெற்றது. பத்து இலட்சம் குடிமக்கள் கையொப்பமிட்டுச் சட்ட முன்மொழிவு கோரவும் வழி பிறந்தது. எனினும் அதனை ஏற்க ஆணையம் கடமைப்பட்டதன்று.

விமர்சனம்

மறுத்த மக்களிடமே மீண்டும் வாக்குக் கேட்டது மக்களாட்சிக்கு முரணானது என எதிர்ப்பாளர்கள் கூறினர். அவர்களின் ஐயங்களுக்கு விடையளித்த பின்னரே மீண்டும் கேட்கப்பட்டது என்பது ஆதரவாளர்களின் வாதம்.