அம்மாவின் மாத்திரையும் ஒரு மின்கதவும்

பெரிய மார்க்கெட்டில் அம்மா கீரை விற்கிறார். சர்க்கரைக்கு கிளிபென்கிளமைடு மாத்திரை. ஒருநாள் மாத்திரை போட்டுவிட்டு, வியாபார மும்முரத்தில் சாப்பிடாமல் கடையிலேயே மயங்கிவிட்டார். "மாத்திரைதான் போட்டேனேடா!" என்றார். வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான், காரணம் தேடினேன்.

கணையத்தின் பீட்டா செல்லிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியே கசிவதால், உள்ளே சுமார் மைனஸ் 70 மில்லிவோல்ட் நிற்கிறது. சாப்பிட்டதும் குளுக்கோஸ் எரிந்து ஏ.டி.பி. உண்டாகி, பொட்டாசியம் கதவை மூடுகிறது. வோல்டேஜ் ஏறும், கால்சியம் கதவு திறக்கும், இன்சுலின் வெளிவரும். 1984-ல் பீட்டா செல்லில் கண்டறிந்த இக்கதவின் கரண்ட் சில பிக்கோஆம்பியர்தான். நம் லேப் மீட்டரில் முள்ளே அசையாது!

அம்மாவின் மாத்திரை, குளுக்கோஸ் வராமலே இதே கதவை மூடிவிடும். சாப்பிடாவிட்டாலும் இன்சுலின் சுரக்கும். சர்க்கரை ஒரேயடியாய் இறங்கும்.

இப்போது இட்லிப் பொட்டலத்தைக் கடையில் கொடுத்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருகிறேன். நண்பர்களே, உங்கள் வீட்டிலும் கேளுங்கள்: "மாத்திரை போட்டாச்சா?" மட்டுமல்ல, "சாப்பிட்டாச்சா?" என்றும்.